கண்ணி: தேவாலய இசையில் இயந்திரச் சுற்று பற்றி

1

லூப் என்பதைத் தமிழில் சுற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கண்ணி என்ற சொல் கையில் இருக்கும்போது அதை விட மனசில்லை. பறவை பிடிக்கக் கயிற்றைச் சுருக்கிட்டு வைப்பது கண்ணி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. இரண்டிரண்டு அடியாக வந்து ஒரே விளியில் போய் முடிகிற பாட்டும் கண்ணிதான்; தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 தடவை ஒரே விளிக்குத் திரும்புகிறது. திரும்பி வருவதையும் சிக்கவைப்பதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற பாஷை நம்முடையது. தேவாலய வழிபாட்டுக்குள் மின்னணுக் கண்ணிகள் புகுந்த சரித்திரத்தைப் பார்க்கையில் இந்த அர்த்தங்கள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வாத்தியக் குழு வைத்துப் பாடும் சபைகள் பலவற்றில் மேடையின் ஓரத்தில் ஒரு லாப்டாப் இருக்கிறது. அதில் ஒரு பாட்டின் ஒலித்தடங்கள் தனித்தனியாக அடுக்கப்பட்டிருக்கும்: தாள வாத்தியம் ஒன்று, தந்தி வாத்தியம் ஒன்று, பின்குரல்கள் ஒன்று என்று. அந்தப் பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்தவர்களின் தடங்களையே விலைக்கு வாங்க முடியும். மேடையில் வாசிப்பவர்கள் நாலு பேர், காதில் விழுகிற சப்தம் பன்னிரண்டு பேருடையது. வாசிப்பவர்களின் காதுக்குள் சின்னதாக ஒரு ஒலிக்கருவி. அதில் க்ளிக் என்று ஒரு தட்டல் விடாமல் ஓடும். அதன்மேல் பதிவு செய்த குரலொன்று, அடுத்தது சரணம், அடுத்தது பல்லவி என்று எண்ணிக்கையோடு சொல்லிக்கொண்டே வரும். இந்தக் குரல் சபைக்குக் கேட்காது. ஜெபம் நடக்கும்போதும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன்னும் பேட் என்று பெயர்கொண்ட ஒரு நீண்ட நாதம், பாட்டின் ஸ்ருதியிலேயே, அடியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இது கண்ணி. இன்னொன்று சாம்பிள், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த ஒலித்துண்டு. ரப்பர் தட்டைக் குச்சியால் தட்டினாலோ கட்டையை விரலால் அழுத்தினாலோ அந்தத் துண்டு வெளிப்படும். இப்படித் தூண்டிவிடுவதை ட்ரிக்கர் என்கிறார்கள். துப்பாக்கியின் விசைக்கு உள்ள அதே பெயர்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் நடக்கிறது. ஜீவனில்லாத சப்தத்தால் கடவுளைத் துதிப்பது போலித்தனம் என்பது ஒன்று. காலத்துக்கு ஏற்ற கருவியைக் காலத்துக்கு ஏற்ற ஜனங்கள் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு என்பது மற்றது. இரண்டுமே இயந்திரம் நேற்றுத்தான் தேவாலயத்துக்குள் வந்தது என்று நினைத்துக்கொண்டு பேசுகின்றன. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்க விரும்புவதும் வேறு. மனிதக் குரலும் இயந்திரமும் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில் எது எதற்காகக் காத்திருக்கிறது?

2

மேற்குத் தேவாலய இசையின் முதல் பெரிய இயந்திரம் ஆர்கன். 757இல் பைசாந்தியச் சக்கரவர்த்தி ஐந்தாம் கான்ஸ்டன்டைன், ஃபிராங்கிய அரசன் பெப்பினுக்கு ஒன்றைப் பரிசாக அனுப்பினான். அனுப்பியவர்களுக்கு அது அரண்மனைச் சாமான். கீழைச் சபை தன் வழிபாட்டுக்குள் அதை விடவில்லை, பெரும்பாலும் இன்றுவரை விடவில்லை. வாங்கிக்கொண்ட மேற்கு சில நூற்றாண்டுகளில் அதைக் கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. சீர்திருத்தக் காலத்தில் பிரச்னை மறுபடி கிளம்பிற்று. சூரிச் நகரத்துப் பெரிய கோவிலின் ஆர்கனை 1527இல் பிரித்தெறிந்தார்கள். அந்தக் கோவிலின் போதகரான ஸ்விங்லி சங்கீத ஞானம் இல்லாதவர் அல்ல, பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். சங்கீதத்தின் ருசி தெரிந்தவன்தான் அதற்கு இவ்வளவு பயப்படுவான் என்று தோன்றுகிறது.

ஆனாலும் ஆர்கன் கண்ணி அல்ல. விரலை எடுத்தால் நாதம் நின்றுவிடும். வாசிப்பவன் சபையின் மூச்சைக் கேட்டு ஓர் அடியை நீட்டலாம், குறைக்கலாம். ஒன்றையே தானாகத் திரும்ப ஒலிக்கும் பெட்டி இங்கிலாந்தின் கிராமக் கோவில்களுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும். உருளை ஆர்கன் என்று சொல்லலாம். மர உருளையின் மேல் ஆணிகள் அடித்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி ஊதும், உருளையும் திரும்பும். ஆணிகள் ஒவ்வொன்றாக நெம்பைத் தூக்க, அந்தந்தக் குழாய்க்குக் காற்றுப் போகும். ஒரு உருளையில் பத்து மெட்டு போல இருக்கும். உருளையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினால் வேறு ஆணி வரிசை, வேறு மெட்டு. சுற்றுகிறவனுக்கு ஒரு ஸ்வரமும் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியும், பிறகு ஹார்மோனியமும் சிறு ஆர்கனும் வந்து உட்கார்ந்த இடத்தில் அதற்கு முன் ஆட்கள் இருந்தார்கள். கோவிலின் மேற்குச் சுவரையொட்டிய மாடத்தில் தச்சனும் செருப்புத் தைப்பவனும் பண்ணையாளும் வயலின், க்ளாரினெட், பெரிய தந்தி வாத்தியம் என்று கிடைத்ததை வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி நடனத்துக்கு வாசித்ததும் இவர்கள்தான். தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் தந்தையும் ஸ்டின்ஸ்ஃபோர்ட் கோவிலில் இப்படி வாசித்தவர்கள். 1840இல் பிறந்த ஹார்டிக்கு அது வீட்டில் கேட்ட பேச்சு மட்டுமே. அந்தக் குழுவை ஓர் ஆர்கன் வெளியேற்றுவதுதான் 1872இல் வந்த அவருடைய 'அண்டர் தி க்ரீன்வுட் ட்ரீ' நாவலின் விஷயம்.

ஆனால் நமக்கு இங்கே வேண்டியது 1894இல் தொகுப்பாக வந்த ஒரு சிறிய கதை. கிறிஸ்துமஸை அடுத்த ஞாயிறு. மாடத்தில் எலும்பை உருக்கும் குளிர். குழு காய்ச்சின பிராந்தியும் பீருமாகக் குடித்துவிட்டுப் பிரசங்கத்தின்போது தூங்கிப்போகிறது. திடீரென்று எழுப்பப்பட்டதும் முந்தின ராத்திரி நடனத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு துள்ளல் நடன மெட்டை முழுவேகத்தில் தொடங்கிவிடுகிறது. ஊர்ப் பெரிய மனிதருக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு சங்கீத மெட்டுகள் வாசிக்கும் உருளை ஆர்கனொன்றை வரவழைக்கிறார். யாருக்கு என்ன பாவ எண்ணம் வந்தாலும் அந்தப் பெட்டியில் சங்கீதம் தவிர வேறெதையும் வாசிக்க முடியாது என்பது கதை சொல்பவன் அதற்குத் தரும் நற்சாட்சி.

சிரித்துவிட்டுப் போகிற கதை என்றுதான் படிக்கிறோம். எனக்கு இது இயந்திர இசை பற்றிய கறாரான விமர்சனமாகப் படுகிறது. உருளை வந்தது நல்ல இசைக்காக அல்ல, பிசகாத இசைக்காக. பிசகக்கூடிய மனிதர்கள் மாடத்தில் இருக்கும்வரை சனி ராத்திரி ஞாயிற்றுக்கிழமைக்குள் வழிந்துவிடும் அபாயம் இருந்தது. உருளையில் அது இல்லை. தப்புச் செய்யும் சக்தியை எடுத்துவிட்டால், துதி செய்யும் சக்தி அங்கே யாரிடம் மிஞ்சுகிறது என்ற கேள்வியை ஹார்டி கேட்கவில்லை. கேட்காமல் சிரிக்கவைத்தார்.

இதைப் படித்துவிட்டு நம் கோவில்களில் தீபாராதனைக்கு மோட்டார் வைத்த மேளமும் மணியும் ஒரே சட்டத்தில் பொருத்தி வந்திருப்பதை நினைக்காமல் இருக்க முடியாது. சுவிட்சைப் போடுகிறார்கள், அது அடிக்கிறது. அடித்துக்கொண்டிருந்த மனிதர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நியாயமாகச் சொன்னால், சம்பளம் கொடுக்க வழியில்லை, ஆள் வருவதில்லை என்பதும் உண்மை. இங்கிலாந்துக் கிராமங்களிலும் வாசிக்கத் தெரிந்தவன் கிடைக்காத சின்னக் கோவில்கள் உருளையை வாங்கியிருக்கின்றன. இயந்திரம் துரத்தவும் வருகிறது, காலியிடத்தை நிரப்பவும் வருகிறது. எது எப்போது என்பதை ஒவ்வொரு இடமாகத்தான் பார்க்க வேண்டும்.

3

இயந்திரம் என்றாலே கண்ணி என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க ஒரு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. சிகாகோவில் லாரன்ஸ் ஹேமண்ட் என்பவர் மின்கடிகாரம் செய்துகொண்டிருந்தார். மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்தோடும் மோட்டார் அவருடைய கடிகாரத்தின் உயிர். அதே மோட்டாரால் பல்சக்கரங்களைச் சுழற்றி, காந்தத்தின் அருகே அவை ஓடும்போது பிறக்கும் மின்னலையை ஒலியாக்கி, 1935இல் ஒரு ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகள் அதை வாங்கின. குழாய் ஆர்கனுக்குச் சமம் என்ற அவருடைய விளம்பரத்தின் மேல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் புகார் எழுப்பி, 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தில் இரண்டையும் மறைவிலிருந்து வாசித்துக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேட்டவர்களில் கணிசமானவர்கள் தவறாகச் சொன்னார்கள். கமிஷன் 1938இல் சில விளம்பர வாசகங்களை நிறுத்தச் சொல்லிற்று.

அசலா நகலா என்று அங்கே வழக்கு நடந்துகொண்டிருக்கையில் சிகாகோவின் கறுப்பர் சபைகள் அந்தக் கேள்வியையே தாண்டிப் போய்விட்டன. 1939இல் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் கென்னத் மாரிஸ் ஹேமண்டை வாசித்தார். அங்கிருந்து அது குழாய் ஆர்கனின் ஏழைச் சகோதரன் என்ற நிலையை விட்டுத் தனக்கென்று ஒரு குரலை அடைந்தது. அந்தச் சபைகளில் பிரசங்கம் ஒரு கட்டத்தில் பேச்சிலிருந்து பாட்டுக்கு ஏறும். ஏறுகிற ஸ்ருதியை ஆர்கன் வாசிப்பவன் தேடிப் பிடிப்பான். பிரசங்கி மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு வெட்டு, சபை பதில் சொல்லும்போது ஒரு பெருக்கு, மறுபடி மௌனம். அடுத்த வாக்கியம் எத்தனை நீளம் என்று யாருக்கும் தெரியாது. பிரசங்கிக்கே தெரியாது.

உள்ளே ஓடுவது கடிகாரத்தின் மோட்டார், கொஞ்சமும் தயங்காத மோட்டார். மேலே இருக்கும் விரலோ முழுக்க முழுக்கத் தயக்கத்தால் ஆனது. இயந்திரம் எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உருளை ஆர்கனில் இருந்தது மரமும் காற்றும் மட்டுமே, மின்சாரம் துளியும் இல்லை. ஆனால் அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

4

ஒலிக்கண்ணி என்று நாம் இன்று சொல்வது 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் இசைத்தட்டின் பள்ளத்தைத் தனக்குள்ளேயே மூடிக்கொள்ளும்படி வெட்டியபோது தொடங்குகிறது. முள் அதே வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு காந்த நாடா வந்தது. நாடாவை வெட்டி நுனியோடு நுனியை ஒட்டினால் கண்ணி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தேவாலயம் கண்ணியை எடுத்துக்கொள்ளுமுன்பே கண்ணி தேவாலயத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

கொலோன் வானொலியின் ஸ்டூடியோவில் ஸ்டாக்ஹௌஸன் 1955-56இல் செய்த 'கெஸாங் டெர் யுங்லிங்கெ'யில் ஒரு சிறுவனின் குரல் மின்னணு ஒலிகளுக்குள் கரைந்தும் தெளிந்தும் வருகிறது. தானியேலின் புஸ்தகத்தில் அக்கினிச் சூளையில் போடப்பட்ட வாலிபர்களின் துதி அது. கொலோன் பேராலயத்தில் ஒலிக்க வேண்டிய ஒரு பூஜைப் பாடலாகவே தான் நினைத்ததாகவும், ஒலிபெருக்கிக்குத் தேவாலயத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டதாகவும் ஸ்டாக்ஹௌஸன் பின்னாளில் சொன்னார். 1956 மே மாதம் அது முதலில் ஒலித்தது வானொலிக் கட்டிடத்தின் அரங்கில்தான்.

1964இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ப்ரதர் வால்டர் என்ற பெந்தெகொஸ்தே பிரசங்கி நோவாவின் பிரளயத்தைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ஸ்டீவ் ரைக் என்ற இளைஞர் அதை நாடாவில் பிடித்துக்கொண்டார். மழை வரப்போகிறது என்ற அந்த ஒரு வாக்கியத்தை 1965இல் இரண்டு டேப்ரிக்கார்டர்களில் கண்ணியாக ஓட்டியபோது இரண்டும் மிகச் சிறிய அளவில் வேகம் வேறுபட்டு மெல்ல மெல்ல விலகிப் போயின. அந்த விலகலையே ரைக் இசையாக்கினார். பிரசங்கியின் வாக்கியம் முதலில் அர்த்தமாக இருந்து, பிறகு ஸ்ருதியாகி, கடைசியில் வெள்ளமாகிறது.

1971இல் லண்டன் தெருவாசிகளைப் பற்றி எடுத்த ஒரு படத்துக்கான ஒலிப்பதிவில் மிஞ்சிப்போன துண்டு ஒன்று கேவின் ப்ரையர்ஸ் கைக்கு வந்தது. வயதான ஒரு மனிதர் இயேசுவின் ரத்தம் தன்னைக் கைவிட்டதில்லை என்று ஒரு பழைய பக்திப் பாட்டின் சில அடிகளைத் துணையில்லாமல் பாடுகிறார். அரை நிமிஷம்கூட இல்லை. லெஸ்டர் நகரில் தான் வேலை பார்த்த இடத்தில் அதைக் கண்ணியாக்கிப் பிரதி எடுக்க ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பக்கத்து ஓவியக் கூடத்தில் எல்லோரும் அடங்கிப்போயிருந்தார்கள், சிலர் அழுதுகொண்டிருந்தார்கள் என்று ப்ரையர்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் குரலை ஒட்டி அவர் வாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பாடியவர் அதைக் கேட்குமுன் இறந்துவிட்டார்.

இது நான் திரும்பத் திரும்பக் கேட்கிற படைப்பு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜபம் செய்கிறவன் ஒரே சொல்லை நூறு தடவை சொல்லும்போது நூறாவது சொல் முதல் சொல் அல்ல. நாக்கு களைத்திருக்கிறது, மனசு எங்கோ போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. சொல் மாறவில்லை, சொல்பவன் மாறியிருக்கிறான். நாடாவில் இருக்கும் கிழவர் களைப்பதில்லை. அவர் முதல் தடவை பாடியதையே நூறாவது தடவையும் பாடுகிறார். மாறவேண்டிய பாரம் முழுக்கக் கேட்பவன்மேல் விழுகிறது. அதனால்தான் அரங்கில் உட்கார்ந்து கேட்பவனுக்கு அது அவ்வளவு கனக்கிறது. பாட வந்த சபையைக் கேட்பவர்களாக உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

ரோமாபுரி இதை முன்பே யோசித்திருந்தது. 1903இல் பத்தாம் பயஸ் பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்றவற்றையும் தேவாலயத்திலிருந்து விலக்கிவைத்தார். 1958 செப்டம்பர் 3ஆம் தேதி, பன்னிரண்டாம் பயஸ் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, வந்த கட்டளை இன்னும் நுட்பமானது. தானியங்கி ஆர்கன், கிராமபோன், வானொலி, டேப்ரிக்கார்டர் முதலியவற்றை வழிபாட்டில் முற்றாகத் தடுத்தது அது. பாடகர் குழுவுக்குப் பதிலாக மட்டுமல்ல, ஜனங்களின் பாட்டுக்குத் துணையாகக்கூட அவை ஒலிக்கக் கூடாது. ஹார்டியின் உருளையும் ஷெஃபரின் நாடாவும் ஒரே வரியில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

இருபத்துநாலு வருஷம் கழித்து, 1982இல், அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. உயிருள்ள மனிதர்கள் தரும் அடையாளங்களால் ஆனது வழிபாடு, ஆகவே இசையும் நேரில் பிறக்க வேண்டும் என்ற விதியை அதுவும் சொல்கிறது. பதிவிசை சபையின் பாட்டுக்கு ஒருநாளும் மாற்றாகக் கூடாது. ஆனால் மின்னணு இசைப் படைப்பொன்றில் முன்பதிவான ஒலி உயிருள்ள குரலோடும் வாத்தியத்தோடும் சேர்ந்து படைப்பின் அங்கமாகவே இருந்தால் அது முறையானதே என்று ஒரு கதவைத் திறக்கிறது. எழுதியவர்களில் யாரோ நவீன இசையைக் கேட்டிருக்க வேண்டும். மாற்றாக நிற்பது ஒன்று, அங்கமாக நிற்பது வேறு. நல்ல பாகுபாடு. ஆனால் அங்கமா மாற்றா என்று கண்டுபிடிக்கும் காது யாருடையது என்பதை எந்த அறிக்கையும் சொல்லிவிட முடியாது.

5

1980களில் நாடா எண்ணாயிற்று. ஒலியை எண்களாகச் சேமித்து விரலடியில் வைக்கும் சாம்பிளர் கருவிகளின் விலை இறங்கியது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற பொதுபாஷை 1983இல் வந்தது. இவற்றை வைத்து நடன இசை செய்த தலைமுறைதான் ஷெஃபீல்டு நகரத்துச் செயின்ட் தாமஸ் கோவிலில், ஆங்கிலிக்கன் சபையின் கூரையின்கீழ், 1986இல் ஞாயிறு இரவு 9 மணிக்கு ஓர் ஆராதனையைத் தொடங்கியது. நைன் ஓ க்ளாக் சர்வீஸ் என்றே பெயர். இருட்டு, திரைகளில் ஓடும் பிம்பங்கள், விடாத நடனத் தாளம், அதன்மேல் பழைய வழிபாட்டுச் சொற்கள். கோவில் வாசலை மிதிக்காத வயதினர் வந்தார்கள். சில வருஷத்தில் எண்ணிக்கை சுமார் 600ஐ எட்டியது. 1993இல் பான்ட்ஸ் ஃபோர்ஜ் விளையாட்டு வளாகத்தின் வட்டக் கூடத்துக்கு இடம் மாறினார்கள். 1994இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் க்ரேஸ் கதீட்ரலில் நடத்திக் காட்டினார்கள். முப்பது வருஷம் முன் ப்ரதர் வால்டர் பிரசங்கித்த சதுக்கத்திலிருந்து நடந்து போகிற தூரம். தெருவில் பிடித்த குரல் கண்ணியாகி உலகைச் சுற்றிவிட்டுக் கோவிலுக்குள் வந்து சேர்ந்தது போல.

1995 ஆகஸ்டில் எல்லாம் உடைந்தது. அதை நடத்திய பாதிரி பெண்களைப் பல வருஷமாகத் தன் அதிகாரத்தால் சுரண்டினார் என்ற குற்றச்சாட்டு வெளிவந்து ஆராதனை நிறுத்தப்பட்டது. முப்பது வருஷம் கழித்து, 2025இல், லண்டன் நீதிமன்றமொன்றில் பல பாலியல் தாக்குதல் குற்றங்களில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

இதற்கு இசையைக் குறை சொல்வது அபத்தம். குழாய் ஆர்கனும் லத்தீன் பாட்டும் ஒலித்த இடங்களிலும் இதேபோல் நடந்திருக்கிறது. சாம்பிளர் யாரையும் தொடவில்லை. ஆனால் ஒரு சந்தேகத்தை மறைக்க விரும்பவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒவ்வொரு நிமிஷமும் முன்கூட்டித் திட்டமிட்டு ஒலியால் நிரப்பிய ஓர் ஆராதனையில், ஒருவர் எழுந்து நின்று வேறொன்று சொல்வதற்கு இடைவெளி எங்கே? மேற்கு மாடத்துக் குடிகாரர்கள் தங்களை அறியாமல் ஒரு முழு ஆராதனையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்த முடிந்தது என்பதுதான் விஷயம். கண்ணி அழகானது, நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நல்லவனாக இருக்கும்வரை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று இருட்டில் தெரிவதில்லை.

6

2001இல் பெர்லினிலிருந்து ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் வந்தது. நடனக் கூடத்து இசைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. இன்று கண்ணி ஓட்டும் தேவாலயங்களில் பலவும் அதையோ அதன் வழிவந்தவற்றையோதான் நம்புகின்றன. அதில் ஒரு விசேஷம். ஒரு துண்டை ஒலிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால் உடனே ஒலிக்காது. அடுத்த ஆவர்த்தம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை காத்திருந்து, சரியாக அங்கே ஒலிக்கும். தாளம் தவறவே முடியாது. இயந்திரம் கடைசியில் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் தனக்காகவே காத்திருக்கிறது.

இதைச் சொல்பவன் மற்றதையும் சொல்ல வேண்டும். காலடியில் ஒரு விசையை வைத்துக்கொண்டால் பாட்டின் ஒரு பகுதியை வேண்டியமட்டும் சுற்றவிடலாம், ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகலாம். சபை ஒரு பல்லவியை விட மனசில்லாமல் பாடிக்கொண்டிருந்தால் நடத்துகிறவர் மிதிக்காமல் இருப்பார். உருளை ஆர்கனால் முடியாதது இது. ஆனால் மிதிப்பவர் காதில் ஒரு தட்டலும் ஒரு குரலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதையும் மீறிச் சபையைக் கேட்பதற்குத் தனியாக ஒரு காது வேண்டும். அது இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேட் என்ற அடிநாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது நம் தம்புரா அல்லவா, இதிலென்ன ஆட்சேபம் என்று கேட்கலாம். நம்மிடமும் ஸ்ருதிப்பெட்டி மின்சாரத்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. ஆனால் தம்புரா பாடுகிறவனை மறைப்பதில்லை. அவன் அரை மயிரிழை விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ருதி இருப்பதால்தான் அபஸ்வரம் என்று ஒன்று இருக்கிறது. பேட் இதற்கு எதிரான வேலையைச் செய்கிறது. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஒருவர் இருமுவது, நாற்காலி நகர்வது, அடுத்து என்ன என்று தெரியாமல் எல்லோரும் விழிக்கிற அந்த இரண்டு நிமிஷம், எல்லாவற்றின் மேலும் ஒரு பட்டுத்துணியைப் போர்த்திவிடுகிறது. பிரான்ஸின் டெய்ஸேயில் 1970களின் நடுவிலிருந்து ஜாக் பெர்த்தியே எழுதிய சின்னப் பாட்டுகளையும் திரும்பத் திரும்பத்தான் பாடுகிறார்கள். அதுவும் கண்ணிதான். அங்கே கண்ணியைச் சுற்றுவது ஜனங்களின் தொண்டை, அது ஓய்ந்ததும் நீண்ட மௌனம். அந்த மௌனம் பாட்டின் பாதி.

சென்ற வருஷம் உடன் வேலை பார்க்கும் நண்பரின் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் ஞாயிறு. நண்பரோடு கோவிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். இப்போது தமிழ்நாட்டில் சர்ச்சிலும் சரி, கச்சேரி மேடையிலும் சரி, தபேலாவும் டோலக்கும் பல இடங்களில் அந்த ரப்பர் தட்டிலிருந்துதான் வருகின்றன. இருபது வயதுப் பையன் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் ஒரு பழைய கீர்த்தனை. முன்வரிசையில் ஒரு கிழவி அனுபல்லவியின் கடைசியை, எழுபது வருஷப் பழக்கமாக இருக்கும், இழுத்துக்கொண்டே போனாள். பையன் குச்சியைத் தூக்கியபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாய் மூடியதும் தட்டினான். தபேலா சப்தம் வந்தது.

அடுத்தது புதுப்பாட்டு. லாப்டாப்பிலிருந்து தடங்கள் ஓடின. முழங்கிற்று, நன்றாகவும் இருந்தது. கிழவி தன் வழக்கப்படி இழுத்தாள். பாட்டு அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஓடிப்போய்ப் பிடித்தாள், மறுபடி தாண்டிற்று. மூன்றாவது சரணத்திலிருந்து கைதட்டிக்கொண்டு மட்டும் நின்றாள்.

ஆராதனை முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக்கொடுத்தேன். "கிட்டார் வாசிக்கிற அண்ணன் தோஹாவுக்குப் போயிட்டாங்க சார். தபேலாத் தாத்தா போன வருஷம் தவறிட்டாங்க. இது இல்லேன்னா புதுப்பாட்டே கிடையாது" என்றான். கீர்த்தனையில் ஒரு இடத்தில் நிறுத்திக் காத்திருந்தாயே என்றேன். அவனுக்கு முதலில் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. பிறகு, "அதுவா, பாட்டி அங்க இழுப்பாங்க சார்" என்றான்.

அந்தத் தட்டுக்குள் இருப்பது இறந்துபோன தாத்தாவின் தபேலா அல்ல. எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் ஒருதடவை தட்டி வைத்தது. நகல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊர்ப் பாட்டி எங்கே இழுப்பாள் என்பது இந்த ஊர்ப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் குச்சியைத் தூக்கியபடி நின்ற அந்த அரை நிமிஷத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.